இருபத்தொன்பது பைட்

மார்ச் 3, திங்கள்

கடைசியில் கோப்புகளை அனுப்பும் அந்தப் பழைய மென்பொருளைத் தூக்கியெறிந்தாயிற்று. நான்கு வருடத் தலைவலி.

நகரத்தின் மறுகோடியில் இருக்கும் எங்கள் கிளினிக்கிலிருந்து தினமும் காலை ஒரு டெக்ஸ்ட் கோப்பு வரும். அன்றைக்கு இங்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்படும் நோயாளிகளின் பட்டியல் அது. ஒருவருக்கு ஒரு வரி. டோக்கன் எண், பெயர், வயது, டாக்டர், கடைசியாக எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பது. நான் எழுதிய புரோகிராம் அதைப் படித்து மணிக்கட்டில் ஒட்டும் ஸ்டிக்கரை அச்சடிக்கும். ஒத்துக்கொள்ளாத மருந்து இருந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் வெள்ளை. வார்டுகளில் எனக்கு ‘ஸ்டிக்கர் மேடம்’ என்றுதான் பெயர்.

பழைய மென்பொருள் ஆமை. கோப்பில் கைவைத்து ஏதேதோ மாற்றவும் செய்யும் என்று கேள்வி. புதியது அனுப்பியதை ஒரு பைட் கூட, அதாவது ஓர் எழுத்துக்கூட, மாறாமல் கொண்டுவந்து சேர்க்கும். பெருமையாகத்தான் இருக்கிறது.

சோதித்துப் பார்க்க, கிளினிக்கில் பதிவு மேசையில் இருக்கும் அக்காவை போனில் பிடித்தேன். பத்தொன்பது வருடமாக அதே மேசை. “ஒரே ஒரு பேர் அடிச்சு அனுப்புங்க அக்கா, சும்மா ஒரு பேர்” என்றேன். குறும்புக்காரி, என் பெயரையே போட்டு, பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று அடித்து அனுப்பினார். சிவப்பு ஸ்டிக்கர் ஜம்மென்று வந்தது. அதை என் மானிட்டர் ஓரத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

“என்டர் தட்டினீங்களா அக்கா?” என்று கேட்டதற்கு, “கடைசிப் பேருக்கு அப்புறம் நான் தட்டவே மாட்டேன் தங்கச்சி. தட்டினா கீழே ஒரு காலி வரி வந்து நிக்குது. இன்னொரு நோயாளி வரட்டும்னு நாமளே இடம் போட்டு வைக்கிற மாதிரி இருக்கு” என்றார். சிரித்துவிட்டேன். நான் மட்டும் என்ன, வெள்ளிக்கிழமைகளில் புரோகிராமைத் தொடமாட்டேன்.

மார்ச் 5

புது ஏற்பாடு ஓடுகிறது. யாரும் போன் செய்யவில்லை. என் வேலையில் பாராட்டு என்பது அதுதான்.

மார்ச் 12, புதன்

வீட்டுக்காரர் இன்று தாமதமாக வந்தார். ஏதோ ஒரு கட்டிடத்தில் லிஃப்ட் நடுவில் நின்று மூன்று பேர் உள்ளே மாட்டிக்கொண்டார்களாம். லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டால் சாப்பாட்டு நேரம் என்று ஒன்று கிடையாது. “மோட்டார் ஏன் நின்னுச்சு?” என்றேன். “அது நாளைக்கு. முதல்ல ஆளை வெளிய எடுக்கணும்ல” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

மார்ச் 18, செவ்வாய்

எழுத வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

மதியம் மூன்றாம் மாடி. கிளினிக்கிலிருந்து வந்த ஒரு தச்சர், நாற்பத்திநான்கு வயது. தொடை எலும்பில் தகடு வைக்க வந்தவர். அறுவைக்கு முன் போடும் ஊசி போட்டிருக்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் முகம் வீங்கி, மூச்சு அடைத்துவிட்டது. பென்சிலின் வகை மருந்து. இப்போது தீவிர சிகிச்சையில், குழாய் வழியாக மூச்சு.

நர்ஸ் கேட்டிருக்கிறார், ஒத்துக்கொள்ளாத மருந்து ஏதாவது உண்டா என்று. “எல்லாம் அங்கேயே சொல்லிட்டேம்மா” என்றாராம் தச்சர். நர்ஸ் மணிக்கட்டைப் பார்த்தார். வெள்ளை.

மார்ச் 19, புதன்

நிர்வாகி அறையில் கூட்டம். நிர்வாகி, தலைமை நர்ஸ், நான். கிளினிக்கிலிருந்து அக்காவை வரவழைத்திருந்தார்கள். எப்போதும் போனில் கேட்கும் குரல் நேரில் சின்னதாக இருந்தது.

“அவரே சொன்னார் சார். சின்ன வயசுல பென்சிலின் போட்டு உடம்பெல்லாம் தடிச்சுப்போச்சாம். நான் அடிச்சேன்.”

அவருடைய கணினியில் உள்ள கோப்பில் பென்சிலின் இருக்கிறது. எங்கள் பதிவில் அந்த இடம் காலி. இங்கே வந்த கோப்பைப் பார்க்கலாமென்றால் அது இல்லை. படித்து முடித்ததும் அழித்துவிடு என்று புரோகிராமில் எழுதிவைத்தது நான்தான், நோயாளிகளின் விவரம் தேங்கக் கூடாதென்று. கோப்பு எப்போது கடைசியாகத் திருத்தப்பட்டது என்று பார்க்கவும் வழியில்லை. அக்காவின் கணினியில் கடிகாரம் செத்து மாதக்கணக்காகிறது.

அதே பட்டியலில் கடைசியாக, முப்பதாவதாக, ஒரு ஆசிரியை. சல்ஃபா மருந்து ஆகாது. அவருக்கு ஒழுங்காகச் சிவப்பு வந்திருக்கிறது. நிர்வாகி அதைப் பிடித்துக்கொண்டார். “ஒரே ஃபைல். ஒருத்தருக்குச் சரியா வருது, இன்னொருத்தருக்கு வரல. மெஷின் ஆள் பார்த்தா வேலை செய்யுது?”

அக்கா என்னைப் பார்த்தார். நான் என் குறிப்பேட்டைப் பார்த்தேன். நாளைக்குள் சோதித்து எழுத்தில் தரவேண்டுமாம்.

மார்ச் 20, வியாழன்

பென்டிரைவில் அக்காவின் கோப்பு வந்தது. வெளிப் பென்டிரைவை சர்வரில் செருகக் கூடாது என்பது நான் போட்ட விதி. அதனால் என் கணினியில் திறந்து, முழுவதையும் எடுத்து ஒரு புதுக் கோப்பில் ஒட்டி, அதைப் புரோகிராமுக்குக் கொடுத்தேன். முப்பது ஸ்டிக்கர். தச்சருக்குச் சிவப்பு.

ஆக, இந்தக் கோப்பு அன்று வந்திருந்தால் சிவப்பு வந்திருக்கும். வரவில்லை என்றால், அன்று வந்தது வேறு கோப்பு.

இன்னொன்றும் பார்த்தேன். எத்தனை பைட் வந்தது என்று சர்வர் ஒரு வரி எழுதி வைக்கும். 18ஆம் தேதி வந்தது 1,436. என்னிடம் உள்ளது 1,407. இருபத்தொன்பது வித்தியாசம்.

நிர்வாகியிடம் சொன்னேன். “ஆனா ஒரு வார்த்தையைப் பின்னாடி சேர்த்திருந்தா கூடியிருக்கணும் சார். இது குறைஞ்சிருக்கு.”

“சேர்த்தவங்க வேற எதையாவது அழிச்சிருப்பாங்க. மாறியிருக்கா, இல்லையா?”

“மாறியிருக்கு.”

“அதை எழுதிக் குடுங்க.”

எழுதிக் கொடுத்தேன். புரோகிராம் சரியாக இயங்குகிறது, கோப்பின் அளவு மாறியுள்ளது என்று. இரண்டும் உண்மைதானே? கையெழுத்தும் போட்டேன்.

மார்ச் 21, வெள்ளி

அக்காவை இடைநீக்கம் செய்துவிட்டார்கள். மருந்தை எழுதாமல் விட்டது ஒன்று, பிறகு கோப்பைத் திருத்தி மறைக்கப் பார்த்தது இன்னொன்று. முதலாவதைக்கூடத் தவறு என்று விட்டிருப்பார்களாம். இரண்டாவது மோசடி. முப்பது நாளில் விசாரணை முடியும், குற்றம் உறுதியானால் வேலை போய்விடும். மேசைக்கு வேறொருவர் வந்தாயிற்று.

மூன்று முறை போன் அடித்தது. அக்கா எண். எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்வது?

மார்ச் 24, திங்கள்

தச்சர் தானாக மூச்சு விடுகிறார். அப்பாடா.

ஸ்டிக்கர் ரோல் எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போனபோது அவர் மனைவி நடைபாதை பெஞ்சில் இருந்தார். யார் என்று தெரியாமலே என்னிடம் பேசினார். “எழுதாம விட்டது யாருன்னு சொல்ல மாட்டேங்கறாங்க. சண்டை போட இல்ல. ஒரு தடவை அந்த முகத்தைப் பார்க்கணும், அவ்வளவுதான்.”

நான் ரோலை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். அக்கா முகம்தான் நினைவுக்கு வந்தது. அதில் பொய் சொன்னவள் முகம் எங்கே இருந்தது என்று தேடிக்கொண்டே இறங்கினேன்.

மார்ச் 26

பத்தொன்பது வருடம் ஒரு வரி விடாத ஆள். இருபத்தொன்பது. ஏன் இருபத்தொன்பது? சோற்றில் கை வைத்தால்கூட இதே நினைப்பு.

மார்ச் 28, வெள்ளி

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

பதினொரு மணிக்குத் தலைமை நர்ஸ் போன் செய்தார், வேறு ஏதோ விஷயத்துக்கு. வைக்கும்போது சொன்னார்: “ஏம்மா, ஒரு வாரமா கிளினிக்ல இருந்து ஒரு சிவப்புகூட வரலையே. எல்லாரும் இரும்பு உடம்பா?”

முன்பெல்லாம் வாரத்துக்கு ஒன்றிரண்டாவது வரும். புது ஆள் வந்த பிறகு ஒன்றும் இல்லை. ஏன்?

எதிரே மானிட்டர் ஓரத்தில் என் பெயர் போட்ட சிவப்பு ஸ்டிக்கர். ஒரே வரி. என்டர் தட்டாத வரி.

முப்பது நோயாளிகள். அக்கா கடைசிப் பேருக்கு என்டர் தட்ட மாட்டார். முப்பது வரிக்கு இருபத்தொன்பது என்டர். இருபத்தொன்பது. கடைசியில் இருந்த ஆசிரியைக்கு மட்டும் சிவப்பு.

கிளினிக்கின் புது ஆளைக் கூப்பிட்டேன். “கடைசிப் பேருக்கு அப்புறம் என்டர் தட்டுவீங்களா?”

“எல்லா வரிக்கும் தட்டுவேன் மேடம். தட்டணும்ல?”

எழுந்து நின்றுவிட்டேன். எதை முதலில் செய்வது என்று தெரியவில்லை. புரோகிராமைத் திறக்கக் கை போனது. அதற்குள் வீட்டுக்காரர் சொன்னது ஞாபகம் வந்தது, முதல்ல ஆளை வெளிய எடு என்று. திரையை விட்டுவிட்டுப் போனைப் பிடித்தேன். தலைமை நர்ஸிடம் சொன்னேன்: கிளினிக்கிலிருந்து வந்த வெள்ளை ஸ்டிக்கர் எதையும் நம்பாதீங்க, ஊசியை நிறுத்துங்க, காரணம் அப்புறம். அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இன்னொரு போனில் புது ஆளை இன்றைய பட்டியலை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். இருபத்தாறு பேர். அவள் நிதானமாகப் படிக்கிறாள், ஒவ்வொரு பேரையும் டாக்டர் பேரோடு. கடைசி வார்த்தையை மட்டும் சொல்லும்மா, கடைசி வார்த்தையை மட்டும். பதினொன்றாவது சல்ஃபா. இருபத்திரண்டாவது பென்சிலின்.

இருபத்திரண்டாவது ஆள் இரண்டாம் மாடி, ஜன்னலோரக் கட்டில், ஒரு கல்லூரிப் பெண். தலைமை நர்ஸ் ஓடியிருக்கிறார். அந்த உடம்போடு அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. ஊசியில் மருந்து ஏற்றித் தட்டில் வைத்திருந்தார்களாம். போடவில்லை. போடல. போடறதுக்கு முன்னாடி பிடிச்சுட்டாங்க.

பிறகுதான் பென்டிரைவை எடுத்து, ஒட்டாமல், திருத்தாமல், உள்ளது உள்ளபடி பைட் பைட்டாகப் பார்த்தேன். அளவு 1,436. அன்று வந்த அதே 1,436. அக்கா எதையும் தொடவில்லை.

நடந்தது இதுதான். எழுதிவைத்தால்தான் எனக்கே புரியும். ஒரு வரி முடிந்தது என்பதைக் கணினி கண்ணுக்குத் தெரியாத குறியால் குறித்துக்கொள்ளும். கிளினிக் கணினி விண்டோஸ், என்டர் தட்டினால் இரண்டு குறி வைக்கும், ஒவ்வொன்றும் ஒரு பைட். எங்கள் சர்வர் லினக்ஸ், அதற்கு இரண்டாவது குறி மட்டுமே வரி முடிவு. அந்த முதல் குறியை ஓர் எழுத்தாக எண்ணி, வரியின் கடைசி வார்த்தையோடு ஒட்டி வைத்துக்கொள்ளும். கடைசி வார்த்தைதான் மருந்து. திரையில் பார்த்தால் ‘பென்சிலின்’. உள்ளே, வாலோடு ஒரு பென்சிலின். என் மருந்துப் பட்டியலில் இருப்பது வாலில்லாத பென்சிலின். இரண்டும் வேறு என்று புரோகிராம் முடிவுகட்டும். கடைசி வரிக்கு மட்டும் என்டர் இல்லை, அதனால் வாலும் இல்லை. அக்காவின் பழக்கம் தினமும் ஒரே ஒருவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

பழைய மென்பொருள் வரும் வழியிலேயே அந்த முதல் குறியைக் கழற்றிக்கொண்டிருந்தது. கோப்பில் கைவைக்கிறது என்று நான் திட்டினேனே, அது இதுதான். என் கணினியில் ஒட்டிச் சேமித்தபோதும் அதே குறிகள்தான் உதிர்ந்தன, இருபத்தொன்பதும். அதனால்தான் அளவு குறைந்தது, அதனால்தான் சிவப்பும் வந்தது. சோதனை செய்கிறேன் என்று குற்றவாளியை நானே குளிப்பாட்டிக் கூட்டிப்போயிருக்கிறேன்.

எல்லாவற்றையும் விட மோசம் ஒரு வரி. பட்டியலில் இல்லாத வார்த்தை வந்தால் என்ன செய்வது? ‘ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்.’ நான் எழுதியது. தெரியாததை எல்லாம் வெள்ளை என்றேன். எந்தப் புத்தியில் எழுதினேன்?

வெள்ளிக்கிழமை. புரோகிராமைத் தொட்டேன். வரி முடிவு எப்படி வந்தாலும், இரண்டு குறியோ, இரண்டாவது மட்டுமோ, சில பழைய மெஷின்கள் வைப்பது போல முதலாவது மட்டுமோ, மூன்றையும் ஒரே மாதிரி படிக்கும். வார்த்தையின் இருபுறமும் ஒட்டியிருப்பதைத் துடைத்துவிட்டுத்தான் ஒப்பிடும். புரியாத வார்த்தை வந்தால் மஞ்சள் ஸ்டிக்கர்: ஆளிடம் கேள். படித்ததும் அழிப்பதை ஒரு மாதம் தள்ளிப்போட்டேன். எத்தனை பேர், எத்தனை வரி முடிவு என்று தினமும் பதிவில் எழுதவும் வைத்தேன்.

மார்ச் 29, சனி

நிர்வாகி முழுவதையும் கேட்டார். கிளினிக்கில் உள்ள கோப்புகளை எண்ணிப் பார்த்திருந்தேன். மார்ச் 3இலிருந்து பதினேழு பேருக்குச் சிவப்பு வந்திருக்க வேண்டும். வந்தது மூன்று பேருக்கு, மூவரும் கடைசி வரி. மற்றவர்கள் தப்பியது வாயால் கேட்ட நர்ஸ்களால், சிலர் வெறும் அதிர்ஷ்டத்தால். தச்சர் மட்டும் தப்பவில்லை.

“தொழில்நுட்பக் கோளாறுன்னு போட்டுக்கலாம். யார் பேரும் வேண்டாம்” என்றார்.

“அக்கா பேர் ஏற்கெனவே போட்டாச்சே சார்.”

“அந்தம்மா விசாரணை அது பாட்டுக்கு முடியட்டும். மெதுவா சரிபண்ணிக்கலாம்.”

மெதுவா. எனக்குக் கோபம் வந்தால் குரல் எழும்பாது, காது மட்டும் சூடாகும். 20ஆம் தேதி நான் கொடுத்த கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று இன்னொரு கடிதம் கையோடு கொண்டுபோயிருந்தேன். என் பெயர், என் தவறு, அக்கா மேல் தவறில்லை, கோப்பு மாறவில்லை. ஒரு நகல் தலைமை நர்ஸிடம் முன்பே கொடுத்துவிட்டேன் என்றும் சொன்னேன். நிர்வாகி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உங்க வேலைக்கு நான் பொறுப்பில்ல” என்றார்.

வெளியே வந்து மூன்றாம் மாடிக்குப் போனேன். தச்சரின் மனைவி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். “அன்னைக்கு ஒரு முகத்தைப் பார்க்கணும்னு சொன்னீங்க. இதுதான்” என்றேன். என்ன நடந்தது என்பதையும் சொன்னேன். அவர் கை நின்றுவிட்டது. ரொம்ப நேரம் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

“சரி. பார்த்தாச்சு. போங்க” என்றார்.

மார்ச் 31, திங்கள்

அக்கா வீட்டுக்குப் போனேன். இரண்டாவது மாடி, படியெல்லாம் துணிக்கொடி. கதவைத் திறந்து, “வாங்க மேடம்” என்றார். தங்கச்சி போய்விட்டது.

உட்கார்ந்து ஒன்றையும் மென்று விழுங்காமல் சொன்னேன். முடித்ததும் அக்கா, “அப்போ என் ஃபைல் அப்படியேதான் இருந்துச்சா?” என்று கேட்டார்.

“ஒரு பைட்கூட மாறல அக்கா.”

“எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. அடிச்சமா, அடிச்சதா நினைச்சுக்கிட்டமான்னு. பத்து நாளா கண்ணை மூடினா அந்த வரிதான்.” பிறகு, “நான் மூணு தடவை போன் பண்ணேன்” என்றார்.

“பார்த்தேன்.”

“பார்த்தீங்களா.”

அவ்வளவுதான் சொன்னார். மன்னித்துவிடுங்கள் என்றேன். வாசல் வரை வந்து, “நீங்க ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாம். எப்படி அடிப்பீங்கன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல” என்றார். ஆமாம். சொல்லியிருப்பார். என்னிடம் முன்பே சொல்லியும் இருந்தார், நான் சிரித்தேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

இடைநீக்கம் ரத்து. அக்காவுக்கு எழுத்தில் வருத்தம் தெரிவித்து, திரும்ப வரச் சொல்லிக் கடிதம் போயிருக்கிறது. தலைமை நர்ஸ் நிர்வாகி மேசை முன் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாராம். எனக்கு எச்சரிக்கைக் கடிதம். இனி என் புரோகிராமை வெளியாள் ஒருவர் சரிபார்த்த பிறகே மாற்றலாம். நியாயம்தான், ஆனால் வாசிக்கும்போது முகம் எரிந்தது.

அக்கா என்ன சொன்னார் என்று விசாரித்தேன். யோசிக்கிறேன் என்றாராம்.

ஏப்ரல் 7, திங்கள்

கிளினிக்: 27 பேர். வரி முடிவுகள் 27. புது ஆள்தான்.

ஏப்ரல் 8

31 பேர். 31. இரண்டு சிவப்பு, ஒரு மஞ்சள். மஞ்சளில் ‘பென்சிலன்’ என்று எழுத்துப் பிழை. போன மாதம் வரை அதுவும் வெள்ளையாகப் போயிருக்கும்.

ஏப்ரல் 10, வியாழன்

24 பேர். 24.

வீட்டில் அவர் கேட்டார், “தினமும் ஏழு மணிக்கு அந்த நம்பரை ஏன் பார்க்கிற? அதான் சரிபண்ணிட்டியே.” வேறு வேலை தேடிக்கொண்டிருக்கிறாரோ அக்கா? அந்த மேசைக்கு வர அவருக்கு ஏன் மனசு வரவேண்டும்? நானாயிருந்தால் போயிருக்கமாட்டேன்.

ஏப்ரல் 14, திங்கள்

29 பேர். 29. எந்த எண்ணாக வேண்டுமானாலும் இருந்திருக்கலாம், இதுதானா வரவேண்டும்.

தச்சர் இன்று வீட்டுக்குப் போனார், ஊன்றுகோலோடு. அவர் மனைவி என்னைப் பார்த்தார். தலையை மட்டும் அசைத்தார்.

ஏப்ரல் 16

33 பேர். 33.

ஏப்ரல் 17, வியாழன்

ஏழு ஐந்துக்குக் கோப்பு வந்தது. 28 பேர். வரி முடிவுகள் 27.

பதிவை நம்பாமல் கோப்பையே திறந்து, திரையில் விரல் வைத்து எண்ணினேன். இருபத்தேழுதான். கடைசிப் பேருக்கு அப்புறம் என்டர் இல்லை.